ரேடியேட்டர் தண்ணீர்

1944 மே 9, செவ்வாய் இரவு

இன்று காலை பெரம்பலூரிலிருந்து அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் எனக்குக் காய்ச்சல் கொதித்தது. அப்பா ஓட்டும் முதலாளி காரில், எஞ்சின் சூடாகாமலிருக்க ரேடியேட்டரில் ஊற்ற வைத்திருந்த தண்ணீரையெல்லாம் அவர் துண்டில் நனைத்து என் தலையில் போட்டார். பிறகு காரிலிருந்து ஆவி கிளம்பியது. அப்பா நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. யுத்த காலத்தில் உதிரி பாகம் கிடைக்காதாம்.

ஊசி போட்டுக்கொண்டு பஸ்ஸில் வீடு திரும்பினோம். சாயங்காலம் முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்து கத்தினார்.

"நீயெல்லாம் டிரைவராய்யா? தண்ணி எடுத்துட்டுப் போவலியா?"

"மறந்துட்டேங்க."

"நாளைக்கு வந்து கணக்க முடிச்சுக்க."

அவர் போனதும், "ஏம்ப்பா பொய் சொன்னீங்க?" என்றேன்.

"எம்பொண்ணாலதான் கார் கெட்டுச்சுன்னு ஒருத்தரும் சொல்லக்கூடாது. நீ வாயத் தொறக்காத."

காலையில் அப்பாவுக்கு முன்னால் நான் போய் முதலாளியிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன். அப்பா மறுபடி என் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வருகிறார். விளக்கை அணைக்கிறேன்.