திட்டுகிற முகம்

அன்புள்ள மாப்ளே பாஸ்கரா,

வீடியோவைச் சரிசெய்ய நீ கம்ப்யூட்டரில் எழுதிவைத்த பிளகின் நிரலில் கை வைத்துவிட்டேன். திட்டுவதானால் திட்டிக்கொள். "என் கோட்ல எவனாச்சும் கைய வெச்சான், அவ்ளோதான்" என்று நம் ரெட்டியார்பாளையம் வீடியோ கடையில் உட்கார்ந்து எத்தனை தடவை மிரட்டியிருப்பாய்? இப்போது மிரட்ட நீ இல்லை.

கேட்டது கலா. எனக்குத் தங்கை, உனக்குப் பெண்டாட்டி. அவள் கேட்டு நான் மறுக்க முடியுமா? நீ போனபோது தொட்டிலில் கிடந்த உன் மகள் நிலா, மாலை போட்ட படத்தைத்தான் அப்பா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். "போட்டோல சும்மா நிக்கறாருண்ணே. பேசுற அப்பாவ அவ ஒரு தடவையாச்சும் பாக்கணும்" என்றாள் கலா.

ஊர்க் கல்யாணத்தையெல்லாம் வீடியோ எடுத்த நீ, எனக்குத் தெரிந்து கேமராவுக்கு முன்னால் வந்தது உன் கல்யாணத்தில் மட்டும்தான். அன்றைக்காவது சும்மா இருந்தாயா? கேமரா என் கையில். மணவறையில் உட்கார்ந்துகொண்டே, "மச்சான், வெளிச்சம் பத்தல, லைட்ட கிட்ட கொண்டாரச் சொல்லு" என்று அதிகாரம் செய்தாய். விளக்கு அவ்வளவு கிட்டே வந்ததில், கேசட்டில் உன் முகம் இருக்கவேண்டிய இடமெல்லாம் வெறும் வெள்ளை.

ஒரே ஒரு இடம் தவிர. தாலி கட்டி முடித்ததும் சூடு தாங்காமல் விளக்கைவிட்டு வெடுக்கென்று திரும்பி, கேமராவைப் பார்த்துக் கத்துகிறாய்.

அந்தக் கேமரா ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாக, ஒரு வரி விட்டு ஒரு வரியாக எடுப்பது. ஆள் அசைந்தால் பாதிகள் பொருந்தாமல் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். அதைச் சரிசெய்யத்தான் நீ பிளகின் எழுதினாய். ஆனால் எல்லாம் முழு எண் கணக்கு. ஓர் அளவுக்கு மேல் போன வெளிச்சத்தை வெட்டிவிடும். "அதுக்கு மேல என்னா இருக்கு, வெறும் வெள்ள" என்பாய். அந்த வெட்டில் உன் கன்னமும் நெற்றியும் போய்விட்டன, தெரியுமா?

அதனால் கணக்கு முழுவதையும் ஃப்ளோட்டுக்கு மாற்றினேன். தசமப் புள்ளியோடு ஓடும், எதையும் வெட்டாது, வெளிச்சத்தைப் பிறகு இறக்கிக்கொள்ளலாம். முதல் தடவை ஓட்டினேன்; உன் முகம் முழுக்கச் சீப்புப் பல். அசைவைக் கண்டுபிடிக்க நீ பத்து என்று வைத்திருந்த அளவை அப்படியே விட்டிருக்கிறேன், மடையன். இருநூற்று ஐம்பத்தைந்து வரை போன கணக்கில் பத்து சரி. இப்போது எல்லாமே பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில். எந்த அசைவும் பத்தைத் தொடாது. நீ அசையவே இல்லை என்று பிளகின் முடிவு கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதைத்தானே சொன்னார்? கடையைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சொன்னபோது கேட்டாயா நீ? "கண்ணு மஞ்சளா இருக்கு மாப்ளே, டாக்டர்ட்ட போலாம் வா" என்றேன். "கேமராவுல ஒயிட் பேலன்ஸ் சரியில்ல மச்சான், அதான் கலர் மஞ்சளா தெரியுது" என்று சிரித்தாய். போடா.

அளவைத் திருத்தினேன். வந்துவிட்டாய். மீசை, மூக்கு, நெற்றியில் வியர்வை. "லைட்ட எறக்குங்கடா, மூஞ்சி எரியுது!" மற்ற இடங்களில் கேமராவிலேயே ஒன்றும் பதியவில்லை. பதியாததை எந்தக் கணக்கும் கொண்டுவராது.

நேற்று நிலாவை மடியில் வைத்துக்கொண்டு கலா பார்த்தாள். நீ திரும்பினாய், கத்தினாய். குழந்தைக்கு உதடு பிதுங்கிவிட்டது.

"நான் ஒண்ணும் பண்ணலப்பா" என்றாள் உன்னிடம்.

"உன்ன இல்லடி, மாமாவத் திட்றாரு" என்று கலா எவ்வளவோ சொன்னாள். நிலா நம்பவில்லை. கம்ப்யூட்டர் இருக்கிற பக்கமே வரமாட்டேன் என்கிறாள். இதற்காகவா உன்னை வெளியே கொண்டுவந்தேன்?

விடமாட்டேன். நாம் விருந்துக்குப் போய் வேறு ஆள் வீடியோ எடுத்த கல்யாணம், காதுகுத்து, யார் வீட்டுக் கேசட்டாக இருந்தாலும் கெஞ்சி வாங்கி ஓட்டிப் பார்ப்பேன். எங்கேயாவது ஒரு பந்தியோரம் நீ சிரித்துக்கொண்டு நின்றிருப்பாய். அதைக் கொண்டுவந்து காட்டும்வரை, அப்பா உன்னைத் திட்டவில்லை என்று தினமும் அவளிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

இப்படிக்கு,
நீ திட்டிய மச்சான், நிலாவின் தாய்மாமன்,
முருகன்