சிரட்டை மூடிய மழைக்குழாய்

அன்புள்ள மகன் யோகராஜுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நம் மாரியம்மா உன்னையும் அந்தக் கத்தார் வெயிலில் அப்படியே வைத்திருக்க வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். தோட்டத்து லயத்து வீட்டை விட்டுவிட்டு ருவான்வெல்லைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருக்கிறோம், இங்கே ஒரு வார்த்தை பேசினால் பத்துக் காது நீளுகிறது, யார் யாரிடம் போய்ச் சொல்வார்கள் என்று தெரியாது. மாவனல்லைக் கடைக்காரர் மகன் றிப்தி தோகாவுக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன். பயப்படாதே, எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன்.

கீழ் டிவிஷன் நல்லையா அண்ணன் மகள் ஷாமிளா இருக்கிறாளே, ஏதோ ஒரு அமைப்பில் பயிற்சி எடுத்து வந்து கோயில் முற்றத்தில் மழை அளக்கும் குழாய் ஒன்றை நட்டாள். தினம் காலையில் அதைப் பார்த்து அளவை அந்த அமைப்புக்கு அனுப்புவாள், அங்கிருந்து சிங்களத்தில் வரும் செய்தியைத் தமிழாக்கி எங்கள் போனுக்கெல்லாம் போடுவாள். இன்றைக்கு உரம் போடாதீங்க, மழை அடிச்சிட்டுப் போயிரும் என்பாள், இந்தக் கிழமை முழுக்க விதைக்காதீங்க என்பாள். சும்மா யாராவது இவ்வளவு செய்வார்களா? எனக்கு அப்போதே மனதுக்குள் குறுகுறுத்தது. அவள் வேண்டாம் என்றாள் என்பதற்காகவே நான் பயற்றங்காய் விதையைப் போட்டேன். அடுத்த நாள் மழையில் விதையும் மண்ணும் சேர்ந்து தண்ணீர் ஓடும் கானுக்குள் போய்விட்டது. பக்கத்துக் காம்பரா வீட்டுத் தங்கம்மா பொறுத்திருந்து விதைத்தாள், அவள் பந்தலில் காய் காயாகத் தொங்கியது. அப்போதும் நான் நம்பவில்லை, தங்கம்மாவுக்கு மட்டும் தனியாக ஏதோ சொல்லியிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அப்பாவுக்கு வேறு சந்தேகம். மழை கூடினால் மலை இறங்கும், லயத்தை விட்டு எழும்ப வேண்டிவரும் என்று ஷாமிளா கூட்டத்தில் சொன்னதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மழையக் காட்டி நம்மளக் கெளப்பப் பாக்குறாங்க புள்ள, ஒருக்கா வெளிய போனா காம்பராவுக்குப் பூட்டுப் போட்டுருவாங்க, அப்புறம் எங்க போறது என்றார். ஒரு துண்டுக் காணி சொந்தமாக இல்லாதவர்கள் நாங்கள், எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. போன மாதம் மழை விடாமல் பிடித்தபோது அவர் யாரும் பார்க்காத நேரம் போய் அந்தக் குழாயின் வாயில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துவிட்டு வந்தார். அளவு ஏறாவிட்டால் எழும்பச் சொல்ல மாட்டார்கள் என்பது அவர் எண்ணம்.

மறுநாள் மத்தியானம் ஷாமிளா நனைந்துகொண்டே நம் வாசல் இஸ்தோப்புக்கு வந்தாள், கையில் அந்தச் சிரட்டை. யார் வைத்தது என்று கேட்கவே இல்லை. மாமா, இங்க அளவு கெடைக்காட்டியும் பக்கத்துத் தோட்டத்துல எடுத்துட்டாங்க, செவப்பு எச்சரிக்கை வந்திருச்சு, மேல ரப்பர் மலையில வெடிப்பு விட்டிருக்கு, பீலியில கொட்டுற ஊத்துத் தண்ணி சேறா வருது, எழும்புங்க என்றாள். திரும்பி வர விடுவாங்கன்னு நீ சொல்லு, போறோம் என்றார் அப்பா. அவள் சிரட்டையை அவர் முன்னால் கீழே வைத்தாள். பிறகு, அத நான் சொல்ல ஏலாது மாமா, எனக்குத் தெரியாது, மண்ணு வரும்போலங்கிறது மட்டுந்தான் தெரியும் என்றாள். ஆமாம் என்று ஒரு பொய்யைச் சொல்லி எங்களைக் கிளப்பியிருக்கலாம், அவள் சொல்லவில்லை. அதற்காகத்தான் அப்பா எழும்பினார். சாமிப் படத்தையும் உன் சான்றிதழ்களையும் தூக்கிக்கொண்டு, ஆட்டை இழுத்துக்கொண்டு இறங்கினோம், லயம் முழுக்க இறங்கியது. பொழுது சாய்வதற்குள் மலை வந்துவிட்டது மகனே. நாம் சமைக்கும் குசினியும் தங்கம்மாவின் பந்தலும் மண்ணுக்கு அடியில். உள்ளே ஒரு ஆள் இல்லை.

ஆனால் அப்பா பயந்ததும் பொய்யில்லை. இனி அந்த லயத்துக்குப் போகக் கூடாதாம், வேறு இடம் எங்கே என்று கேட்டால் ஆளை ஆள் கை காட்டுகிறார்கள். குழாயை ஷாமிளா இப்போது இந்தப் பள்ளிக்கூட முற்றத்தில் நட்டிருக்கிறாள், அப்பா தினம் காலை அவளோடு போய் அதைப் பார்க்கிறார். நம்பிக்கை வந்ததால் இல்லை, அவள் அளவைக் குறைத்துப் போட்டுவிடக் கூடாதாம். அவர் குனிந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அனுப்ப விடுகிறார். அவளும் சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் கொடுக்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி, அங்கே யார் தாளை நீட்டினாலும் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதே. றிப்தி நல்ல பிள்ளைதான், இருந்தாலும் உறையின் பசை பிரிந்திருக்கிறதா என்று பார். மாரியம்மா உன் கூடவே நிற்பாள், நீ போகும் வழியெல்லாம் நல்ல வழியாக இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. இங்கே மழை என்று கேள்விப்பட்டால் உடனே எங்களுக்குப் போன் எடுக்காதே. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து இருப்பது ஒரு போன், மழை நேரத்தில் அதை ஷாமிளாவின் செய்திக்காக விட்டு வைக்கிறோம். மழை விட்டதும் முதல் ஆளாக நானே உனக்கு எடுப்பேன், அதுவரை பொறுத்திரு.

உன்னைப் பெற்ற அம்மா,
முத்துலெட்சுமி