அம்மா எடுக்காத கழுகுப் படம்

சில்க்போர்க், டென்மார்க்,
மே 19

அன்பு மகள் ஸ்ரெபானிக்கு,

அப்பா எழுதுகிறேன். மாதாவின் துணையால் நானும் அம்மாவும் சுகம். வெலிங்டனில் நீயும் மருமகன் நிர்மலனும் குறையில்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் தினமும் செபத்தில் கேட்கிறோம். அங்கே இனிக் குளிர் தொடங்கும், ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. என் பிரஷர் இப்போது பரவாயில்லை, குளிசையை ஒழுங்காகப் போடுகிறேன். போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொல்லத் தொடங்கினால் அம்மா பக்கத்தில் நின்று "அதெல்லாம் ஒரு கதையே, விடுங்கோ" என்று மறித்துவிடுவார். அதனால் அவர் வேலைக்குப் போன நேரத்தில் எழுதுகிறேன்.

அம்மா தான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் நினைவு மங்கியவர்களுக்காக, தான் எடுக்கும் பறவைப் படங்களைத் துண்டு துண்டாகப் பொருத்தி விளையாடுகிற பசிலாக வெட்டுவித்துக் கொண்டுபோவது உனக்குத் தெரியும். நீ விட்டுப்போன கமராதான் இன்னும். வானம் நிறைய விழுந்த படம் பசிலுக்கு ஆகாதாம், எல்லாத் துண்டும் ஒரே நீலமாகிவிடும். பின்பக்கம் மங்கலாக இருக்கிற படத்தைத்தான் மற்றவர்கள் மெச்சுவார்கள், அம்மா அதை ஒதுக்கிவிட்டு நாணலும் சருகும் தெளிவாக விழுந்ததை எடுப்பார். இதைக் கேள்விப்பட்டு நூலகத்தில் வேலை செய்கிற அன்னா என்ற பெண் மாசியில் வந்தார். ஐந்நூறு துண்டில் ஒரு பெரிய பசில் செய்து நூலக மேசையில் போடுவோம், ஊர்ச்சனம் வந்து வந்து பொருத்தட்டும், படம் கூட்டில் இருக்கிற கடற்கழுகாக இருந்தால் நல்லது என்றார். அம்மா தலையாட்டினார். எனக்கோ தலைகால் புரியாத சந்தோசம், ஏனென்றால் கூடு இருக்கிற காடு எனக்குத் தெரியும்.

பங்குனிக் கடைசியில் போனோம். கிட்டப் போகவேண்டாம் என்று பலகை போட்டிருந்தது. அங்கே நின்று பார்த்தால் வெறும் கிளைதான். "இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு வாரும், ஒருத்தரும் இல்லை" என்று நான்தான் அம்மாவை நெருக்கினேன். மனமில்லாமல் வந்தார். இருபது அடிகூடப் போயிருக்கமாட்டோம், கழுகு கூட்டைவிட்டு எழும்பி மேலே சுற்றிச் சுற்றிக் கத்தத் தொடங்கிவிட்டது. காற்று ஐஸ் மாதிரி. கமரா அம்மாவின் கண்ணில் இருந்தது, நான் "எடும், எடும்" என்கிறேன். அம்மா கமராவை இறக்கிவிட்டார். "முட்டை குளிர்ந்திடும். வாங்கோ போவம்." அவ்வளவுதான். கார் வரைக்கும் வந்து, கழுகு திரும்பவும் கூட்டில் இறங்கினதைத் தூரத்திலிருந்து கண்டபிறகுதான் ஏறினார். வீடுவரை நான், ஒரு விரல் அமத்த எவ்வளவு நேரம் என்று எனக்குள் புழுங்கிக்கொண்டு வந்தேன்.

அதன்பிறகு அம்மா மூன்று கிழமையாக ஒவ்வொரு நாளும் வேலை முடிய வள்ளத்துறைக்குப் போனார். அங்கே ஆட்கள் நடக்கிற பாலத்துக்குக் கீழேயே ஒரு கறுத்த நீர்ப்பறவை, நெற்றியில் வெள்ளை, ஐஸ்கிரீம் கடதாசியும் நீலக் கயிறும் சேர்த்துக் கூடு கட்டியிருந்தது. ஆட்களைக் கண்டு அது அசையவே இல்லை. அந்தப் படத்தைக் கொண்டுபோனால் அன்னாவின் முகம் வாடிவிட்டது. விளம்பரத்தில் கழுகு என்று போட்டாயிற்றாம். திறப்பு நாளில் வருகிறவர்களுக்கு நீங்களே காரணத்தைச் சொல்லுங்கள் என்றார்.

உன் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கும் டொக்டரிடமும் உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு போய், நீ டெனிஷை மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லத் தலையாட்டினவர் உன் அம்மா. வேலையிடத்தில் கதைப்பார், கூட்டம் என்றால் வாய் திறக்கமாட்டார். பிள்ளையை வெலிங்டனிலிருந்து வீடியோவில் கூப்பிடுவம், அவள் மொழிபெயர்ப்பாள் என்று நான் சொன்னேன். "வேண்டாம். நானே கதைக்கிறன்" என்றார்.

போன சனிக்கிழமை நூலகத்தில் திறப்பு, நாற்பது பேர். அம்மா முன்னுக்குப் போய்க் கதைக்கத் தொடங்கினார். டெனிஷ் இலக்கணம் அங்கங்கே சறுக்கினது, ஆனால் நிற்பாட்டவில்லை. கழுகைக் கண்டது, அது எழும்பினது, இன்னும் நின்றிருந்தால் முட்டை வீணாகியிருக்கும், அதனால் படம் இல்லை என்று நேரே சொன்னார். பிறகு ஒரு கிழவர் கையை உயர்த்தி, இந்தப் பறவைக்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்டார். நாமக்கோழி என்று சொல்லி, நாமம் என்றால் இந்துக்கள் நெற்றியில் வைக்கிற குறி என்று கிறிஸ்தவ வேதக்காரியான அம்மா விளங்கப்படுத்தினார். டெனிஷ் பெயரும் அதேதான், நெற்றியில் வெள்ளை விழுந்த கோழி என்று அந்த மனிதர் சொல்ல, எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். அன்றைக்கே மேசையைச் சுற்றி இருக்க இடமில்லை. நான் பின்வரிசையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் மகள், நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. பலகையைத் தாண்டவைத்தது நான், எடு என்று நெருக்கினது நான். புருசன் கேட்கவில்லை, நான்தான் மறித்தேன் என்று சொல்ல அம்மாவுக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் அவர் "நாங்கள் பிழை விட்டோம், நாங்கள் திரும்பிவிட்டோம்" என்றுதான் அந்தச் சனத்துக்கு முன்னால் சொன்னார். எங்கள் இருவரையும் விட, வீட்டில் நீயாவது உண்மை அறிந்திருக்கவேண்டும்.

ஞாயிறு பூசையை விடாதே, நிர்மலனைக் கேட்டதாகச் சொல். உன் கடவுச்சீட்டு ஆவணியில் முடிகிறது, இப்போதே விண்ணப்பி. மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

என்றும் உன்னை நினைக்கும்
அப்பா,
அன்ரனி