நான் மொழிபெயர்க்காமல் விட்ட மூன்று வசனங்கள்

என் மதுவுக்கு, உன் அக்கா எழுதுகிறேன்.

அன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உதவி அதிபர். இந்தப் பக்கம் நீ, உன் அம்மாவான என் சித்தி, நடுவில் நான். சித்திக்கு ஆங்கிலம் மட்டுமட்டு என்பதால் மொழிபெயர்க்க என்னை அழைத்து வந்திருந்தார். உனக்கு என்னைவிட நன்றாக ஆங்கிலம் வரும். ஆனாலும் என்ன நடந்தது என்று உதவி அதிபர் கேட்டபோது நீ அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாய்.

"நான் வேண்டாமெண்டு ரெண்டு தரம் சொன்னனான் அக்கா. அவனுக்கு அது வடிவாக் கேட்டது. பிறகு பயத்தில எனக்குச் சத்தம் வரேல்லை."

மூன்று வசனங்கள். உனக்குப் பதினைந்து வயது. சித்தி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். "உதைச் சொல்லிப்போடாத பிள்ளை. அவன்ர தகப்பன் கோயில் தலைவர். நாளைக்கு எந்த முகத்தோட அங்க போறது?"

உதவி அதிபர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லையாம்.

அவர் அதை எழுதிக்கொண்டார். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் காது கேட்கச் சொன்ன பொய் அது. ஏன் மது நீ திருத்தவில்லை? அக்காவே சொல்லிவிட்டாள், இனி எதற்கு என்று விட்டுவிட்டாயா? இதை உன்னிடம் கேட்க எனக்கு எட்டு வருடம் இருந்தது. கேட்கவில்லை.

அதற்கு ஒரு வருடம் முன்பு நான் செய்த இன்னொரு வேலை உனக்குத் தெரியாது. ஸ்காபரோவில் எங்கள் தொடர்மாடியில் யாருக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பத்தொன்பது வயதில் அந்தக் கட்டடத்துக்கே படிவம் நிரப்புகிறவள் நான். என் கையெழுத்து அச்சுப்போல இருக்கிறதென்று அம்மாவுக்குப் பெருமை. அந்த வருடம் சுகாதாரப் பாடத்தில் ஆண் பெண் உறவு பற்றிப் புதிதாக என்னவோ வருகிறதென்று கேள்விப்பட்டு எல்லோரும் கலங்கிப்போனார்கள். "சின்னப் பிள்ளையளுக்கு உதுகளை ஏன் படிப்பிக்கிறாங்கள்?" என்று கேட்டுக்கொண்டே, பிள்ளையை அந்தப் பாடத்தில் இருத்த வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற விலக்குப் படிவங்களோடு வந்தார்கள். ஒரே பின்னேரத்தில் ஒன்பது நிரப்பினேன்.

அதில் ஒன்று உன்னுடையது. ஒன்று, உன் வகுப்பில் படித்த அவனுடையது. அவர்கள் அப்போது நாலாம் மாடியில் இருந்தார்கள். அவனுடைய அம்மா சுடச்சுட ரோல்ஸ் கொண்டுவந்து தந்தார். சாப்பிட்டுக்கொண்டே எழுதினேன். காரணம் என்று கேட்ட இடத்தில் உங்கள் இருவருக்கும் ஒரே சொற்கள்: குடும்பப் பண்பாடு. பல்கலைக்கழகத்தில் தடித்தடியான புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தவள், அந்தப் படிவத்தோடு வந்திருந்த ஒரு பக்கத்தை வாசிக்கவில்லை. பிறகு தேடி எடுத்து வாசித்தேன். மற்றவரின் சம்மதத்தைக் கேட்பது, மறுத்தால் நிறுத்துவது என்று ஒரு வரி அதில் இருந்தது.

வகுப்பு அந்த வரியைப் படித்த நாட்களில் நீங்கள் இருவரும் நூலகத்தில் இருந்தீர்கள். அங்கேதான் பழகினீர்கள். அந்தப் பழக்கத்தில்தான் அடுத்த வருடம், மில்லிக்கனில் அவர்கள் வாங்கிய வீட்டின் கீழ்த்தளப் பேஸ்மென்றுக்கு விஞ்ஞானப் பாட வேலை செய்யப் போனாய்.

அவனுக்குச் சாட்டுத் தேடுகிறேன் என்று நினைக்காதே. வேண்டாம் என்ற சொல் விளங்க வகுப்பு தேவையில்லை. அவனுக்குக் கேட்டது என்று நீயே சொன்னாய். ஆனால் அவனை மறித்திருக்கக்கூடிய ஒரு கதவை என் அழகான கையெழுத்தால் நானே பூட்டினேன். அதற்கான தண்டனையையும் நானே எனக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இரத்தப் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோனபோது அதை எல்லோரும் உரத்துப் பேசினார்கள். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை ஊசி, கடைசியாக என்ன கேட்டாய், எல்லாம். மற்றதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலரைத் தொகுக்கும் வேலையும் என்னிடம்தான் வந்தது. தேவாரம், வம்சாவளி, உறவினரின் அஞ்சலிகள், மண்டபத்தில் சாப்பிட வருகிற எல்லோர் கையிலும் கொடுக்கிற அந்தப் புத்தகம். அதற்கு அவனும் எழுதி அனுப்பியிருந்தான். "அன்புத் தோழி மதுரா எப்போதும் சிரித்த முகம். யாரையும் மறுத்து ஒரு வார்த்தை பேசாதவள்."

அதை எடுத்து ஒரு பக்கம் வைத்தேன். பிறகு பக்கங்களை அமைக்கத் தொடங்கினேன். அவனுக்கு இடதுபக்கம் முழுவதையும் கொடுத்தேன். மேலே அவனுடைய பெயர், கீழே வெறும் வெள்ளை. வலதுபக்கத்தில் உன் மூன்று வசனங்கள், நீ சொன்னபடியே. அவற்றுக்குக் கீழே, நான் உதவி அதிபரிடம் சொன்ன பொய். அதற்குக் கீழே என் பெயர்.

மண்டபத்தில் அவனுடைய அப்பா மலரோடு என்னிடம் வந்தார்.

"பிள்ளை, என்ர மகன் எழுதினது எங்க?"

"என்னட்ட இருக்கு அங்கிள்."

"அச்சடிக்கிறவன் விட்டிட்டானோ?"

"இல்லை. பக்கத்துப் பக்கத்தை வாசியுங்கோ."

வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி வாசித்தார். "செத்த பிள்ளையின்ர பேரைக் கெடுக்கிறியே? உனக்கு வெக்கமில்லையே?"

"இருக்கு அங்கிள். அதைத்தான் கீழ என்ர பேரோட அச்சடிச்சிருக்கு."

அவன் அந்த நேரம் தனக்கு நிச்சயித்திருந்த பெண்ணோடு சாப்பாட்டு மேசையில் இருந்தான். அவள் மலரைப் புரட்டினாள், நிறுத்தினாள், அவனிடம் ஏதோ கேட்டாள். அவன் எழும்பி, கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே போனான். தை மாதக் குளிர். அவன் கார்த் தரிப்பிடத்தில் கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நின்றதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தபடி, என் பாயாசத்தை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். உன் நினைவு நாளில் எனக்கு இனித்தது அது ஒன்றுதான்.

மன்னிக்கச் சொல்லிப் பலர் வந்தார்கள். சின்ன வயதில் நடந்தது, அவனுக்கும் வாழ்க்கை இருக்கிறது என்றார்கள். இருக்கட்டும். அவன் நீண்ட காலம் வாழ வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும், ஒவ்வொரு திருவிழாவிலும் யார் அந்தப் பக்கத்தை வாசித்தவர் என்று தெரியாமல் முகம் முகமாகத் தேடிக்கொண்டு வாழட்டும்.

சித்தி நாலு மாதம் என்னோடு பேசவில்லை. மிஞ்சிய மலர்களைப் பெட்டியோடு உன் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார்.

இப்போதும் படிவங்கள் வருகின்றன, மது. போன மாதம் ஒருவர் அதே விலக்குப் படிவத்தைக் கொண்டுவந்தார். பாடத்தில் என்ன இருக்கிறதென்று வரி வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"என்ர பெடியனுக்கு உதெல்லாம் என்னத்துக்கு? பொம்பிளைப் பிள்ளையளுக்கெண்டாலும் பரவாயில்லை."

"உங்கட பெடியனுக்குத்தான் அண்ணை முதல்ல வேணும்."

"நீ நிரப்பித் தரமாட்டியே?"

"மாட்டன். வேற ஆரும் நிரப்பித் தந்தால், அவையிட்டயும் வந்து இதையே வாசிப்பன்."

படிவத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் கழித்து அவருடைய மனைவி வந்து, இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்தப் படிவத்தை இனி என் கை தொடாது. ஒரு பிள்ளை என்னிடம் சொல்வதில் ஒரு சொல்லைக்கூட நான் விழுங்கமாட்டேன், யார் முழங்கையைப் பிடித்தாலும்.

மலர் வெளியான பிறகு நடந்தது இது. வைகாசியில் சித்தி போன் எடுத்தார். "பிள்ளை, மலரில இருந்த எங்கட வீட்டு நம்பருக்கு ஒரு பெட்டை எடுத்தவள். அவளுக்கும் உதைச் செய்தது உவன்தானாம். நீ காரை எடுத்துக்கொண்டு வா, கூட்டிக்கொண்டு போவம்." மூவரும் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். அவள் உள்ளே போய்த் தன் வாயாலேயே ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். மொழிபெயர்க்க என்னை யாரும் கூப்பிடவில்லை. சித்தி வெளியே வாங்கில் உட்கார்ந்து உன் மலரை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். போன வியாழக்கிழமை காலையில், மில்லிக்கன் வீட்டில் வைத்து அவனைக் கைது செய்தார்கள்.

உன் பெரியம்மாவின் மகள்,
உன்னை ஒருமுறை கைவிட்ட அக்கா