இடது பக்கம் நின்ற ஆள்

1947 பிப்ரவரி 3, திங்கள்
காலையிலேயே வெயில். ஆபீசில் வேலை இல்லை. எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை. பதிவேட்டில் ஸ்டோர் கிளார்க். உண்மையில் குவாரி கிரிக்கெட் டீமுக்கு சிக்ஸர் அடிக்கிற ஆள். ஆறு வருஷம் முன்பு அரியலூர் மைதானத்தில் நான் அடித்த பந்து ரயில் பாதையைத் தாண்டி விழுந்தது. மறுநாளே வேலை, குவார்ட்டர்ஸ்.

இன்று பிராக்டிஸில் பத்துப் பந்து. ஏழு மட்டையில் படவே இல்லை. விக்கெட் கீப்பர் காசிம், "தூக்கம் பத்தலையாண்ணே?" என்றான். ஆமாம் என்றேன்.

வாங்க: சோப், மண்ணெண்ணெய், வீட்டுக்காரி செல்லத்துக்கு இருமல் மருந்து.

பிப். 5, புதன்
மச்சான் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி லீவு. கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் பெரம்பலூர். வழியில் இரண்டு தடவை நின்றது. கண் டாக்டர் நெடுநேரம் பார்த்தார். "சுண்ணாம்பு தெறிச்ச அன்னிக்கே வந்திருக்கணும். இடது கண்ணு போயிடுச்சுங்க."

குவாரியில் வெடி வைப்பதை வேடிக்கை பார்க்கப் போன புத்தி.

செல்லத்திடம் சொன்னேன். அடுப்பைப் பார்த்தபடியே, "மானேஜர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.

பிப். 7, வெள்ளி
ஆபீசில் பேச்சு: விளையாட்டுக்காரர்களில் ஒருவரைக் குறைக்கப் போகிறார்களாம். மோர்க்குழம்பு. ருசி தெரியவில்லை.

பிப். 9, ஞாயிறு
திருச்சி டீமோடு மேட்ச். தோற்றோம்.

ஒரு சிக்ஸர் அடித்தேன். கண்ணால் இல்லை, பழக்கத்தால். ஜனம் துண்டை வீசியது. இன்னும் மூன்று ரன், கடைசி விக்கெட், எதிர் முனையில் காசிம். பந்தை இடப்பக்கம் தட்டிவிட்டு "வா!" என்றேன். அங்கே ஆள் நின்றது எனக்குத் தெரியவில்லை. காசிமுக்குத் தெரிந்திருக்கும். இருந்தும் என் குரலை நம்பி ஓடி வந்தான். ஸ்டம்பு பறந்தது.

மானேஜர் கேட்டார்: "யாருய்யா கூப்பிட்டது?"

காசிம் என்னைப் பார்த்தான். நான் குனிந்து கால் பேடை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் சார் அவசரப்பட்டுட்டேன்" என்றான்.

பிப். 10, திங்கள்
காசிமை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மூன்று பெண் பிள்ளைகள் அவனுக்கு.

பிப். 12, புதன்
மானேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். கண், கூப்பிட்டது, எல்லாம். வலது கண்ணைப் பொத்தச் சொன்னார். "எத்தனை விரல்?" வெறும் வெள்ளை. "தெரியலைங்க."

"சரி. நீயும் காசிமும் சனிக்கிழமைக்குள்ள வூட்டக் காலி பண்ணிடுங்க."

காசிம் வீட்டு வாசலிலேயே நின்று சொன்னேன். கை ஓங்குவான் என்று நினைத்தேன். "எதுக்குண்ணே சொன்னீங்க? நீங்க உள்ள இருந்திருந்தா, என்னைக்காவது எனக்காக ஒரு வார்த்தை பேசியிருப்பீங்க." கதவைச் சாத்திக்கொண்டான்.

பிப். 15, சனி
மேகமூட்டம். ஆறரைக்கு பஸ். பெட்டி ஒன்று, பாத்திர மூட்டை இரண்டு, பாய். காசிம் வீட்டில் நேற்றே பூட்டு.

மட்டையை எடுத்துக்கவா என்று செல்லம் கேட்டாள். அது கம்பெனியுடையது என்றேன்.