டிக்கெட் இல்லாமல் ஏறிய தக்காளி

மாமா,

இன்று காலை மாடியில் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக் கட்டிவிட்டு வந்தேன். சோப்பு போட்டுக் கழுவியும் அந்தப் பச்சை வாசனை கையை விட்டுப் போகவில்லை. உங்கள் தோள் துண்டில் எப்போதும் இருந்த வாசனை. அதனால்தான் இந்த மடல். பாசத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

பெண்ணாடத்தில், நிச்சயதார்த்தத்தன்று, அத்தனை உறவுக்காரர்கள் முன்னால் என் அப்பாவிடம் கேட்டீர்கள்: "மாப்பிள்ளை சிரிக்கவே மாட்டாராங்க?" சபை முழுவதும் சிரித்தது, என்னைத் தவிர. கல்லூரியில் பாடம் நடத்துகிறவனைப் பார்த்து ஒரு பஸ் கண்டக்டர் கேட்ட கேள்வி. நான் மறக்கவில்லை. மறப்பது என் வழக்கமும் இல்லை.

அத்தை போன பிறகு நீங்கள் விருத்தாசலம் வந்து எங்கள் மாடி அறையில் தங்கினீர்கள். பின்படியில் நின்று கத்தினால் டிரைவர் வரை கேட்கும் அந்தக் குரலை எங்கே விட்டுவிட்டு வந்தீர்களோ தெரியவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவீர்கள். பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுக்கை. டாக்டர் மாத்திரை எழுதினார். "கையில ஏதாவது வேலை குடுங்க" என்றும் சொன்னார். உங்கள் மகள் காலையில் காபி கொண்டுவரும்போது கதவுக்கு வெளியே கொஞ்சம் நிற்பாள். உள்ளே மூச்சுச் சத்தம் கேட்ட பிறகுதான் கதவைத் திறப்பாள். வீடு அப்படி இருந்தது.

உங்கள் முழங்கால் வலிக்காக மாடியில் வெஸ்டர்ன் டாய்லெட் வைக்க முடிவு செய்தோம். பீங்கான் கம்பெனிகள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு யாராவது முதல் தரம் வாங்குவார்களா? கம்பெனியில் கழித்த செகண்ட்ஸ்தான் வாங்கினேன். கொத்தனார் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது அடியில் விரிசல். கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். அந்தத் தெரு வழியாக நான் இன்றும் போவதில்லை. பீங்கான் உங்கள் அறைக்கு எதிரே கைப்பிடிச் சுவரோரம் கிடந்தது. கொத்தனார் மிச்ச மண்ணை அதில் கொட்டினார். உங்கள் மகள் காய்கறித் தோலைக் கொட்டினாள். மழையும் பெய்தது.

ஒரு நாள் காலை நானும் அவளும் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். நீங்கள் வாசலில் வந்து நின்று அந்தப் பீங்கானையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு வாய் திறந்தீர்கள்.

"யாரு இது, டிக்கெட் இல்லாம ஏறுனது?"

உள்ளே ஒரு தக்காளிக் கன்று. உங்கள் மகள் ஈரப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

"ஏன்டி அழுவுற? எறக்கிவுட மாட்டேன்" என்றீர்கள்.

அதன் பிறகு கழித்துப்போட்ட வாஷ்பேசின், ஃப்ளஷ் டேங்க், காது உடைந்த ஊறுகாய் ஜாடி என்று எதையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. எல்லாம் என் ஸ்கூட்டரில்தான் வந்தன. பேராசிரியர் காலடியில் வாஷ்பேசினோடு போவதை ஜங்ஷன் ரோடே பார்த்தது. மாடியில் ஒரு ரூட் பஸ் ஓட ஆரம்பித்தது. புடலங்கொடியிடம், "படியில தொங்காத, மேல ஏறு." நெருக்கி முளைத்த கீரையிடம், "பின்னாடி எடம் இருக்குது, தள்ளிப் போ." களையைப் பிடுங்கும்போது, "நீ கருவேப்பிலங்குறிச்சியிலயே எறங்கியிருக்கணும்!" பறித்த கீரையை நீங்களே சமையலறையில் உட்கார்ந்து ஆய்ந்தீர்கள். இன்னொரு கரண்டி சோறு கேட்டீர்கள். ராத்திரி குறட்டை கீழே வரை வந்தது. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார்.

அப்போதுதான் சென்னையிலிருந்து உங்கள் மகன் வந்தான். நீங்கள் சுவரைப் பார்த்துக் கிடந்த நாளெல்லாம் எட்டிப் பார்க்காதவன். அதுவும் என் மனதில் இருக்கிறது. தக்காளி ரசத்தை வாங்கி வாங்கிக் குடித்தான். பிறகு மாடிக்குப் போனான்.

"ஐயய்யோ, என்னப்பா இது, கக்கூஸ்லயா வெளைஞ்சுது?"

"ஒருத்தரும் ஒக்காராததுடா. நீ வந்த பஸ்ஸு சீட்ட விட சுத்தம்."

அவன் சிரித்தான். "போதும்பா, கெளம்புங்க. நம்ம வூட்ல லிஃப்ட் இருக்குது, ஏசி இருக்குது."

"மண்ணு இருக்குதா?"

"எட்டாவது மாடியில மண்ணு எதுக்குப்பா?"

உங்கள் கண் மெல்ல அறைச் சுவர்ப் பக்கம் திரும்பியது. யோசிக்காமல் சொன்னேன்: "மாமா எங்கயும் வரல. இவரு போயிட்டா பாவக்கா பந்தல யாரு கட்டுறது? எனக்குத் தெரியாது."

நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். "மாப்ள, சிரிக்காமயே நல்லா பேசுறீங்க."

அந்தப் பந்தலுக்குக் கீழேதான் போன மார்கழி வரை உங்கள் நாற்காலி கிடந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்தீர்கள், எழுந்திருக்கவில்லை. காலையில் நீங்கள் பறித்த கத்திரிக்காய் கூடையில் இருந்தது. மறுநாள் சமைக்க அவளுக்கு மனம் வரவில்லை. விதைக்கு எடுத்து வைத்தாள்.

இப்போது கல்லூரி விட்டு வந்ததும் மாடிக்குத்தான் போகிறேன். அன்றைக்கு யார்மேல் என்ன கோபமோ செடிகளிடம் சொல்கிறேன். விட்டுக்கொடுத்துப் போங்கள் என்று அவை ஒருநாளும் சொன்னதில்லை; அந்த மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறது. தூக்கமும் வருகிறது.

இன்று காலை, தக்காளியைக் கட்டிவிட்டுத் திரும்பினால், உங்கள் முதல் பீங்கானின் விரிசலுக்குள்ளிருந்து ஒரு கீரைத் தண்டு தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"டிக்கெட் எடுத்தாச்சா?" என்றேன்.

கீழேயிருந்து உங்கள் மகள் குரல் கொடுத்தாள். "என்னங்க, சிரிச்சீங்களா?"

"இருமினேன்."

நிச்சயதார்த்தத்தில் கேட்ட கேள்வியை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மாமா. தண்ணீர் மட்டும் தவறாமல் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.