பேச்சில்லாமல் பார்த்த படம்

செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அவள் முழங்கால் வலி தேவலை, உன் தம்பி வழக்கம்போல் பத்து மணிக்கு எழுந்து உலகத்துக்கே உபகாரம் செய்கிறான். நீயும் சுகம் என்றுதான் சொல்கிறாய், அதை நம்ப எனக்கு மனசு வரவில்லை. போனில் கேட்டால் ஒன்றுமில்லை என்று வெட்டிவிடுவாய், அதனால்தான் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

எங்கள் தியேட்டரில் ஒரு புதுப்படம் ஓடுகிறது. மருத்துவக் கல்லூரிக்குப் படிக்கப் போன தலித் பெண்ணின் கதை. ஆபரேட்டர் அறையில் நான் ஸ்பீக்கரை அணைத்தே வைத்திருப்பேன் என்று உனக்குத் தெரியும், வசனத்தில் காது போனால் மிஷினில் வரும் கோளாறு கேட்காது, அதனால் எந்தப் படமானாலும் முகத்தையும் கையையும்தான் பார்ப்பேன். அந்தப் பெண் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவள் தட்டோடு எழுந்து போகிறாள். லேபில் இவள் முறை வரும்போது மட்டும் வாத்தியார் கடிகாரத்தைப் பார்க்கிறார். அப்புறம் அவள் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், வீட்டுக்குப் போன் பேசும்போது மட்டும் சிரிக்கிறாள். இடைவேளையில் டீ கொண்டுவந்த கேன்டீன்காரர், "இந்தக் காலத்துல யாருண்ணே சாதி பாக்கிறாங்க, ஓவராத்தான் காட்டியிருக்கான்" என்றார். டீயைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டேன். போன வாரம் வீடியோவில் நீயும் ஹாஸ்டல் படியில்தான் உட்கார்ந்து சாப்பிட்டாய். கேட்டதற்கு, "கரண்ட் இல்லப்பா, காத்து வாங்க வந்தேன்" என்றாய். உன் தலைக்குப் பின்னால் எல்லா அறைகளிலும் விளக்கு எரிந்தது. கூட இருந்த பெண் வேறு அறைக்கு மாறிவிட்டாள் என்றாய், வகுப்பில் உன்னை "கோட்டா" என்று கூப்பிடுவது விளையாட்டுக்குத்தான் என்றாய்.

படம் எப்படி முடிகிறது என்று அம்மா கேட்டாள், டாக்டராகி வீடு திரும்புகிறாள் என்று சொல்லிவைத்தேன். அப்படி முடியவில்லை. அவள் அப்பா ஆட்டோவில் வந்து இறங்கும்போது அறைக் கதவை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் நாளைக் காலை ரயிலில் கிளம்புகிறேன். மேனேஜர் முறைத்தார், முறைக்கட்டும். படிப்பை விடச் சொல்ல வரவில்லை, உன்னோடு உன் துறைத் தலைவர் எதிரில் வந்து உட்காரப் போகிறேன், அவர் கடிகாரத்தைப் பார்த்தாலும் எழுந்திருக்க மாட்டேன். உனக்கே முடியாது என்று தோன்றினால் என்னோடு கிளம்பி வா, யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். யார் எழுந்து போனாலும் நீ மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிடு.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். மறக்காதே, இன்று ராத்திரி போன் போடுவேன், எடு. பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம், எடுத்துக் காதோரம் வைத்துக்கொள், நீ மூச்சு விடுவது எனக்குக் கேட்டால் போதும்.

உன் அப்பா